குன்னூர் குளிருக்கு நானே தைத்து, நானே பின்னி உடுத்த வேண்டும்: எதில் தொடங்குவது?

மதுரைக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு வெலிங்டனில் வேலை கிடைத்ததால் போன மார்ச்சில் மதுரையிலிருந்து குன்னூருக்குக் குடிவந்தோம். வந்த புதிதில் ஃபேனே இல்லாத வீடு என்று அம்மாவிடம் ஃபோனில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஜூன் முடியப் போகிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பல் கிட்டுகிறது. "இதுக்கே இப்படின்னா மார்கழிக்கு என்ன பண்ணுவே?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சிரிக்கிறார்.

நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். சேலைதான் கட்ட வேண்டும். ரெடிமேட் ஸ்வெட்டர் இரண்டு வாங்கினேன். ஒன்று அக்குளில் பிளவுஸ் கையோடு சேர்ந்து சுருண்டு அறுக்கிறது, போர்டில் எழுதக் கை தூக்க முடியவில்லை. இன்னொன்றில் முழங்கைப் பக்கம் இப்போதே உருண்டை உருண்டையாகப் பிசிறு. இரண்டையுமே முந்தானைக்கு மேல் போட்டால் மடிப்பு கசங்குகிறது, அடியில் போட்டால் பின் குத்தின இடமெல்லாம் ஓட்டை.

என்னிடம் உஷா கால் மெஷின் இருக்கிறது, மோட்டார் மாட்டியது. பிளவுஸ், சுடிதார், நைட்டி எல்லாம் எனக்கு நானே தைத்துக்கொள்வேன். பின்னல் மட்டும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணி அளவில்தான். ஒரு மஃப்ளர் பின்னுவேன், அவ்வளவுதான்.

ஆசை என்னவென்றால், இந்த ஊரில் ஒரு வருடம் சுற்றி வருவதற்குள் எனக்கு வேண்டிய துணி எல்லாமே என் கையால் ஆனதாக இருக்க வேண்டும். முதலில் ஸ்வெட்டர் பின்னுவதா, கோட்டு தைப்பதா? நூல் என்ன வாங்குவது, எவ்வளவு? சேலைக்குத் தோதாக ஏதாவது வழி உண்டா? எந்த மாதம் எதைத் தொடங்கினால் சரியாக இருக்கும்? பீரோவில் வைத்த காட்டன் புடவையில் இப்போதே பூஞ்சை வாடை அடிப்பதற்கும் யாராவது வழி சொன்னால் புண்ணியம்.

ஆறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் ஏதாவது தைக்கலாம் என்றால் சொல்லுங்கள்.

மலைப்பாதை எழுதியது:

மேடம், ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்தியர் மார்க்கெட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். பேரம் பேசி எல்லோருக்கும் சேர்த்து வாங்கிவிடலாம். நூல் விலையையும் உங்கள் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் கையால் பின்னின ஸ்வெட்டர்தான் கூடுதல் செலவு. என் மனைவி பின்னத் தொடங்கின ஒன்று அரைக் கையோடு பரணில் கிடக்கிறது. ஆசையைக் கெடுப்பதாக நினைக்காதீர்கள்.

கோத்தகிரி தையல் டீச்சர் எழுதியது:

மதுரைக்காரி, வயதில் என் மகள் அளவுதான் இருப்பாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் கோத்தகிரி டானிங்டன் பக்கம் ரொம்ப வருடம் தையல் வகுப்பு நடத்தினவள். மேலே தம்பி சொன்னது கணக்குப்படி சரி. ஆனால் உன் அக்குள் அளவுக்கு எந்த மார்க்கெட்டிலும் ஸ்வெட்டர் கிடைக்காது.

முதல் விஷயம். தடிமனாகப் பின்னினால் குளிர் தாங்கும் என்ற நினைப்பை விட்டுவிடு கண்ணு. தேயிலை பறிக்கப் போகிற பெண்களைப் பார்த்திருப்பாய். உள்ளே பழைய ஸ்வெட்டர், அதற்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை, இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட். ஸ்வெட்டர் செடியில் மாட்டி இழுபடாமல் இருக்கத்தான் மேலே சட்டை என்று நினைப்போம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் காற்று. பின்னல் என்றாலே ஓட்டைதான். அந்த ஓட்டைகளில் அசையாமல் நிற்கிற காற்றுதான் நமக்குச் சூடு. வெளிக்காற்று அடித்தால் அது கலைந்து போய்விடும். மேலே நெருக்கமாக நெய்த ஒரு துணி இருந்தால் கலையாது. அதனால்தான் அவ்வளவு மெல்லிய சட்டையைப் போட்டுக்கொண்டு பனியில் நிற்க முடிகிறது.

ஆகவே மெலிதாகப் பின்னு, மேலே தைத்துப் போடு. உனக்குத் தையல் நன்றாக வரும், பின்னல் கொஞ்சம்தான் வரும் என்பதற்கும் இதுவே தோது.

சேலைக்கு என் சிபாரிசு ஸ்வெட்டரே இல்லை, உல்லன் பிளவுஸ். வடநாட்டில் குளிர்காலத்தில் சேலை கட்டுகிறவர்கள் இதைத்தான் போடுகிறார்கள். மெல்லிய நூலில், முழுக்கை வைத்து, உடம்போடு ஒட்டினாற்போல் பின்னியது. பிளவுஸுக்கு மேல் ஸ்வெட்டர் என்றால்தானே அக்குளில் சுருளும்? இங்கே பிளவுஸே ஸ்வெட்டர். டாட் வேண்டாம், ஹூக் வேண்டாம், பின்னல் தானே இழுத்துக் கொடுக்கும். உள்ளே ஒரு காட்டன் ஸ்லிப் போட்டுக்கொண்டால் அரிக்காது. நீளம் மட்டும் வழக்கமான பிளவுஸ் நீளம் வைக்காதே. 18 இன்ச் வை. பாவாடைக்குள் செருகிவிட்டால் இடுப்பில் காற்று ஏறாது.

கணக்கைச் சொல்கிறேன். மெல்லிய மூணு பிளை நூல், அதாவது மூன்று இழை முறுக்கினது, 10 நம்பர் ஊசி. பழைய இங்கிலீஷ் நம்பரில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 11 என்றால் 3. மெஷின் ஊசிக்கு நேர் தலைகீழ், அங்கே 14ஐ விட 16 தடிமன். கடையில் நின்று குழம்பாதே.

முதலில் 6 இன்ச் சதுரத்துக்கு ஒரு மாதிரி பின்னு. அதைத் துவைத்து, காயவைத்து, நடுவில் 4 இன்ச்சுக்கு எத்தனை கண்ணி என்று எண்ணு. 28 வந்தால் இன்ச்சுக்கு 7. மார்பு 36 என்று வைத்துக்கொள். ஒட்டினாற்போல் வேண்டும் என்பதால் 2 இன்ச் குறைத்து 34. முன்பக்கம் பாதி 17. பதினேழேழு 119 கண்ணி போட்டுத் தொடங்க வேண்டும். மாதிரி பின்னாமல் நேராக 119 போட்டாயானால், உன் கை கொஞ்சம் தளர்ந்து இன்ச்சுக்கு 6 கண்ணி விழுந்தால் சுற்றளவு ஏறக்குறைய 40 இன்ச் வந்து நிற்கும். அப்புறம் அது வீட்டுக்காரருக்குத்தான் ஆகும். கீழே 3 இன்ச்சுக்கு 11 நம்பர் ஊசியில் இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப், அதாவது இழுத்தால் விரிகிற வரிப் பின்னல் போடு, மேலே ஏறாமல் பிடித்து நிற்கும். 250லிருந்து 300 கிராம் நூல் ஆகும். ஒரே லாட் நம்பரில் 50 கிராம் கூடவே வாங்கி வை. பாதியில் தீர்ந்து, மறுபடி போய் வாங்கினால் அதே கலர் வேறு சாயலில் வரும்.

நூல் எது என்றால், வர்த்தமான், ஓஸ்வால், கங்கா என்று நான் பார்த்த கடைகளில் இருப்பதெல்லாம் லூதியானா சரக்கு. பெரும்பாலும் அக்ரிலிக். அக்ரிலிக் என்றால் மட்டம் என்று சிலர் பேசுவார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்துப்பூச்சி அரிக்காது, சீக்கிரம் காயும், பையன் சேற்றில் புரண்டாலும் துவைத்து எடுக்கலாம். ஆனால் உடம்பை ஒட்டிப் போடுவதற்கு வுல் கலந்ததே மேல். கம்பளி அதன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் நனைந்த மாதிரி தெரியாது. அக்ரிலிக் அப்படி இழுக்காது. குன்னூர் ஏற்றத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறினால் முதுகு வேர்க்கும். ஏறி முடித்து நின்றதும் அந்த வேர்வைதான் குளிரும்.

இன்னொன்று, அடுப்படி. அக்ரிலிக் தீயில் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். முழுக்கை அக்ரிலிக் போட்டுக்கொண்டு கேஸ் முன்னால் நிற்காதே. கடைக்காரர் ப்யூர் வுல் என்றால் ஒரு இழை கேட்டு வாங்கி, வெளியே வந்து கொளுத்திப் பார். தலைமுடி கருகிற வாடை வந்து, சாம்பலை விரலால் நசுக்கினால் பொடிந்தால் கம்பளி. கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி உறைந்தால் அக்ரிலிக். இரண்டும் கலந்து தெரிந்தால் கலப்பு.

சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நம் மலையிலேயே நீலகிரி ஆடு என்று ஒரு இனம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மெரினோ முதலான சீமை ஆடுகளோடு நம் ஊர் ஆடு கலந்து வந்தது. தென்னாட்டில் நயமான மயிர் தருகிற இனம் அது. ஊட்டி சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. நாம் என்னவோ லூதியானாவிலிருந்து வரவழைத்துப் பின்னிக்கொண்டிருக்கிறோம். இது என் ஆதங்கம், உன் கேள்விக்குச் சம்பந்தமில்லை.

இனி மேலே போடுகிற கோட்டு. நெருக்கமான காட்டன் டிரில் அல்லது கனமான பாப்ளின், 44 இன்ச் அகலத்தில் இரண்டரை மீட்டர். அளவு எடுக்கும்போது உல்லன் பிளவுஸ் போட்டு, சேலையும் கட்டி, முந்தானையோடு நின்று எடு. அளவு பிளவுஸை வைத்து வெட்டினால் தொலைந்தாய். ஆம்ஹோல் தாராளமாக 10 இன்ச். முன்பக்கம் முழுதும் திறந்து, கழுத்து V. முந்தானை மடிப்பு உள்ளே படுத்துக்கொள்ளும். உடம்புப் பகுதிக்கு லைனிங் ஃபிளானல், அல்லது நைந்து போன சுங்குடிப் புடவை. உங்கள் ஊர்ச் சரக்குதானே, வீட்டில் நாலாவது இருக்கும். கைக்கு மட்டும் அந்த லைனிங் வேண்டாம். ஃபிளானலும் கம்பளியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், கோட்டைப் போடும்போது பிளவுஸ் கை முழங்கைக்கு ஏறிவிடும். கைக்கு வழுக்குகிற டஃபேட்டா லைனிங் கொடு. கை தானாக உள்ளே போகும்.

பாவாடையும் ஃபிளானலில் தை. நாலு பீஸ் போதும், ஆறு வைத்தால் இடுப்பு தடித்துப் போகும். சேலையும் அதில் வழுக்காமல் நிற்கும்.

மாதம் கேட்டாய். இந்த மலையில் போடுகிற பருவத்துக்கு முந்தின பருவத்தில் தைக்க வேண்டும். இப்போது ஆனி. பிளவுஸை இன்றே தொடங்கு, ஆடிக் காற்றில் வெளியே போகவா முடியும். ஆவணிக்குள் முடித்துவிட்டால் புரட்டாசியில் கோட்டு. குன்னூருக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது எதையும் நனைத்துக் காயவைக்க முடியாது, இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் யோசிப்பதில்லை. காட்டனும் ஃபிளானலும் வெட்டுவதற்கு முன் நனைத்துச் சுருக்கியாக வேண்டும் இல்லையா? ஃபிளானல் இன்னும் கூடுதலாகச் சுருங்கும். அதற்கு வெயில் வேண்டும். கோட்டுத் துணியையும் ஃபிளானலையும் இப்போதே வாங்கி, வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் நனைத்து வைத்துவிடு. மற்ற காட்டனை எல்லாம் தை மாதம், மாசி மாதம் அடிக்கிற வெயிலில் மொத்தமாக நனைத்து மடித்து வைத்தால் சித்திரைக்கு வேண்டிய பிளவுஸ்களைப் பங்குனியில் வெட்டலாம்.

பூஞ்சைக்கு மருந்து, கஞ்சி போட்ட துணியைப் பீரோவில் வைக்காதே. கஞ்சிதான் அதற்குச் சாப்பாடு. கட்டப் போகிற அன்றைக்குக் கஞ்சி போட்டுக்கொள்ளலாம். கம்பளியைத் துவைக்காமல் உள்ளே வைக்காதே, வேர்வையும் குழம்புக் கறையும் இருக்கிற இடத்தைத்தான் அந்து முதலில் கடிக்கும். அந்துருண்டையோ வசம்போ துணியில் முடிந்து போடு, நேராகக் கம்பளி மேல் படக் கூடாது. இங்கே பழைய வீடுகளில் பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுவார்கள். இப்போது வருகிற எல்இடி பல்புக்கு அந்தச் சூடு இல்லை, போட்டும் பிரயோஜனமில்லை.

மதுரைக்காரி எழுதியது:

டீச்சரம்மா, ரொம்ப நன்றி. நீ என்றே கூப்பிடுங்கள், நன்றாக இருக்கிறது.

உல்லன் பிளவுஸ் என்ற யோசனை எனக்கு வந்ததே இல்லை. நேற்று சாயங்காலமே லோயர் பஜாரில் நூல் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு கடையில் ப்யூர் வுல் என்று கொடுத்த இழை கறுப்பு மணியாக உருண்டது. பேசாமல் வந்துவிட்டேன். வேறொரு கடையில் வுல் கலந்தது என்று சொல்லியே கொடுத்தார்கள். அரக்கு கலரில் 350 கிராம் எடுத்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். ஹூக் இல்லை என்றால் தலை வழியாகத்தான் போட வேண்டும். கொண்டை கலையாமல், கழுத்து லூசாகவும் ஆகாமல் எப்படி? அப்புறம் முந்தானைக்குப் பின் எங்கே குத்துவது? பின்னலில் குத்தினால் மறுபடி ஓட்டைதானே.

பையனுக்கு டிராக் சூட் மாதிரி ஒன்று தைக்கலாம் என்று பார்க்கிறேன். திருப்பூரில் துணி கிலோ கணக்கில் கிடைக்கும் என்கிறார்கள். என் மெஷினில் பனியன் துணி ஓடுமா?

திருப்பூர் கட்டிங் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் பனியன் கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறேன். டீச்சரம்மா நெய்த துணியும் கைப்பின்னலும் சொல்லிவிட்டார்கள். எங்கள் துணி மெஷினில் பின்னியது, அதற்குக் குணம் வேறு.

டிராக் சூட்டுக்கு சிங்கிள் ஜெர்சி வாங்காதீர்கள், அது டீ ஷர்ட்டுக்கு. லூப்நிட் அல்லது ஃபிலீஸ் என்று கேளுங்கள். லூப்நிட்டின் உள்பக்கம் வளையம் வளையமாக இருக்கும். அதையே பிரஷ் அடித்துப் பஞ்சு மாதிரி ஆக்கினால் ஃபிலீஸ். குன்னூருக்கு ஃபிலீஸ்தான். எடையை ஜிஎஸ்எம் என்று சொல்வோம், ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற கணக்கு. 280 ஜிஎஸ்எம், 72 இன்ச் அகலம் என்றால் ஒரு மீட்டர் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதாவது கிலோவுக்கு இரண்டு மீட்டர் கூட முழுசாக வராது. 180 ஜிஎஸ்எம் ஜெர்சி அதே அகலத்தில் கிலோவுக்கு மூன்று மீட்டர் வரும். கிலோ விலையை மட்டும் பார்த்துக் கடைக்குக் கடை ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். ஆறு வயசுப் பையனுக்கு முக்கால் கிலோ ஃபிலீஸ் போதும். கழுத்து, கை முனை, கால் முனைக்கு அதே கலரில் லைக்ரா ரிப் நூறு கிராம் சேர்த்துக் கேளுங்கள். காதர்பேட்டையில் சுற்றினால் எக்ஸ்போர்ட் மிச்சமும் கிடைக்கும். ஆனால் அதில் ரிப் மேட்ச் ஆவது அதிர்ஷ்டம்.

வாங்கி வந்ததும் வெட்டாதீர்கள். ரோலில் இறுக்கிச் சுற்றியிருந்த துணி. பிரித்து, மடிப்பு இல்லாமல் ஒரு நாள் முழுக்கத் தளர்வாகப் போட்டு வையுங்கள், நாங்களே கம்பெனியில் அப்படித்தான் செய்வோம். தானாகச் சுருங்கி ஒரு நிலைக்கு வரும். வீட்டில் தைப்பதானால் ஒரு தடவை துவைத்தே வெட்டலாம், இன்னும் நல்லது. வெட்டும்போது ஓரத்தை நம்பாதீர்கள். துணியை உற்றுப் பார்த்தால் கண்ணி வரிசை மேலிருந்து கீழே ஒரு கோடாக ஓடும். அந்தக் கோட்டுக்கு நேராகப் பேட்டர்னை வையுங்கள். கோடு சாய்ந்த துணியை ஓரத்துக்கு நேராக வெட்டினால், துவைத்த பிறகு சைடு தையல் முன்பக்கம் திரும்பி வந்து நிற்கும். மலிவு டீ ஷர்ட்டில் பார்த்திருப்பீர்களே.

மெஷினைப் பொறுத்தவரை ஊசியைத்தான் மாற்ற வேண்டும். சாதா ஊசி கூர்மையாக இருந்து கண்ணியை அறுத்துவிடும், துவைக்கத் துவைக்கத் தையல் ஓரமாகப் பொத்தல் விழும். பால் பாயின்ட் ஊசி கேளுங்கள், முனை மழுங்கி இருக்கும், நூலை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். ஃபிலீஸுக்கு 14 நம்பர். உங்களுடையது நேர் தையல் மட்டும் போடுகிற மெஷின் என்றால் பாலியஸ்டர் நூல் போட்டு, முன்னும் பின்னும் துணியை லேசாகப் பிடித்து இழுத்துக்கொண்டே தையுங்கள். இழுக்காமல் தைத்தால் பையன் முதல் தடவை உட்காரும்போதே பின்னால் படபடவென்று விட்டுவிடும். ஷோல்டரை மட்டும் இழுக்கக் கூடாது. அங்கே ஒரு காட்டன் நாடாவைச் சேர்த்து வைத்துத் தையுங்கள், தொங்காது. உள்பக்கப் பிசிறை ஏதாவது டெய்லர் கடையில் கொடுத்தால் ஓவர்லாக் அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

பேன்ட்டின் கால் நீளத்தைக் கூட்டி வெட்டி உள்ளே மடித்து விடலாமா என்று எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். வேண்டாம். ரிப்பை நீளமாக வைத்து இரண்டாக மடியுங்கள், வளர வளர மடிப்பை இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்காபரோ வாசுகி எழுதியது:

வணக்கம். நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். எங்களுக்குக் குளிரென்றால் தை மாதத்தில் மைனஸ் பத்துக்கும் கீழே போகும். டீச்சர் சொன்ன காற்றுக் கதை நூற்றுக்கு நூறு சரி. பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது தடித்த ஸ்வெட்டர் தனியாக ஒன்றுக்கும் உதவாது, மேலே காற்றுப் புகாத ஒன்று வேண்டும்.

ஆனால் தலையால் போடும் உல்லன் பிளவுஸ் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இங்கே வெளியில் உறைந்தாலும் கட்டடத்துக்குள்ளே இருபது பாகைக்கு மேல் ஹீட்டர் போட்டிருப்பார்கள். உள்ளே வந்ததும் கழற்ற வேணும். அதனால் நான் பின்னுகிற உடுப்பெல்லாம் முன்பக்கம் திறந்த கார்டிகன்தான். கோயிலுக்குச் சேலை உடுத்திப் போகும்போதும் சாதாரண பிளவுஸ், அதன் மேல் மெல்லிய கார்டிகன், பாவாடைக்குள்ளே தெர்மல் லெக்கிங்ஸ். நீங்களும் பிள்ளைகளோடு வகுப்பில் ஓடியாடி நிற்கிறவர். மதியத்துக்குப் பிறகு புழுங்கினால் பிளவுஸைக் கழற்றவா முடியும்?

இன்னொன்று, மெஷினில் துவைக்கலாம் என்று வருகிற சூப்பர்வாஷ் கம்பளி உங்களுக்குக் கிடைத்தால் கவனம். நனைந்ததும் நீளும். நான் பின்னின ஒன்று காய்ந்த பிறகு முழங்கால் வரை வந்தது. மாதிரித் துண்டைத் துவைத்து அளக்கச் சொல்லி டீச்சர் எழுதினதைத் தாண்டிப் போக வேண்டாம். காயவைக்கும்போது தொங்கவிடாமல் மேசையில் பரப்பி விடுங்கள்.

கோத்தகிரி தையல் டீச்சர் எழுதியது:

ஸ்காபரோ அம்மா சொல்வது அவர்கள் ஊருக்கு நியாயம். இங்கே தலைகீழ். குன்னூர் வீடுகளில், பள்ளிக்கூடங்களில் ஹீட்டர் ஏது? பகல் பதினொரு மணிக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கும், வகுப்புக்குள்ளே சிமெண்ட் தரை காலைக் கடிக்கும். வெயில் காய வெளியே போவோம், குளிருக்கு உள்ளே வருவோம். அதனால் உள்ளே இருக்கும்போதும் உடம்போடு இருக்க வேண்டியது பிளவுஸ். கழற்றிப் போட வேண்டியது கோட்டு. மூணு பிளை நூலில் பின்னினது மதியத்துக்கும் புழுங்காது. சித்திரை, வைகாசிக்கு மட்டும் அவர்கள் சொல்கிற கார்டிகன் சரி. காட்டன் பிளவுஸ் மேல் போட்டுக்கொள்ளலாம். அதை மாசியில் தொடங்கு.

திருப்பூர்த் தம்பி ஷோல்டருக்கு நாடா சொன்னதை நன்றாகப் பிடித்துக்கொள், உன் இரண்டு சந்தேகத்துக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

கழுத்தை லூசாக்காதே. இடது தோளை மட்டும் மூடாமல் விடு. முன்பக்கமும் பின்பக்கமும் தோள் முடிகிற இடத்தில், அந்த ஒரு பக்கம் மட்டும் இரண்டு தகடுக்கும் கூடுதலாக முக்கால் இன்ச் ரிப் பின்னி முடி. முன்தகடு மேலே, பின்தகடு அடியில் படுக்கும். அதில் தட்டைப் பட்டன் மூன்று. குண்டுப் பட்டன் வைத்தால் முந்தானை மேலே புடைத்துத் தெரியும். காஜா எடுக்க வேண்டாம். பின்னும்போதே முன்தகட்டு ரிப்பின் நடு வரிசையில் நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த இரண்டு கண்ணியை ஒன்றாகப் பின்னினால் ஒரு துளை விழும். சின்னப் பட்டனுக்கு அது போதும். தோள் திறந்தால் கழுத்து இரண்டு மடங்கு அகலும், கொண்டை கலையாமல் போடலாம். போட்டு பட்டன் மாட்டின பிறகு முந்தானை அதை மூடிவிடும்.

பட்டன் தைக்கிற பின்தகட்டின் உள்பக்கம் அரை இன்ச் காட்டன் நாடாவைக் கையால் தைத்து ஒட்டு. கலர் ஒத்துப் போக வேண்டாம், வெளியே தெரியாது. கழுத்துப் பக்கம் நாடாவில் ஒரு இன்ச் நீளத்தை மட்டும் வெளியே நீட்டி, மடித்து, ஒரு சின்ன நாக்கு மாதிரி விடு. முந்தானைப் பின்னை அந்த நாக்கில் குத்து. சேலையின் பாரம் நாடாவுக்குப் போகும், பின்னலில் ஒரு கண்ணி கூட அறாது. பழைய சேலைக்கு ஊக்கு போதும், பட்டு என்றால் இரண்டு குத்து.

அரக்கு கலர் எடுத்தது நல்லது, சாக்பீஸ் தூள் தெரியும் என்றாலும் குழம்பு தெரியாது. கண்ணி போடும்போது 119 என்று எழுதினேன். இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப்புக்கு நாலால் வகுபட்டு இரண்டு மிச்சம் வந்தால்தான் இரண்டு ஓரமும் ஒத்து வரும். 118 போட்டுத் தொடங்கி, ரிப் முடிந்ததும் ஒரு கண்ணி கூட்டிக்கொள். மாதிரித் துண்டு பின்னி அளந்துவிட்டு எண்ணிக்கையை இங்கே எழுது. கைக்கு எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.